கைப்பழக்கமும் கருத்தும்

லிந்துலையில் எங்கள் பாடசாலைக்கு ஏறிச் செல்லும் பாதை ஒரு தேயிலை மலையை ஊடறுத்துப் போகிறது. தை மாதத்தில் ஒருநாட் காலை, பனி இன்னும் செடிகளின் மேல் நரைத்துக் கிடந்தபொழுது, பாதையோரத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு தாயாரைக் கண்டு நின்றேன். என் வகுப்பிற் படிக்கும் மாணவி ஒருத்தியின் அன்னை அவர். மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார், நானும் சொன்னேன். பேசி முடியும்வரை அவர் முகம் என்னை நோக்கியே இருந்தது; கைகள் இரண்டும் செடியின் மேலேயே இருந்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்துகள் ஒடிந்து உள்ளங்கையிற் சேர்ந்தன. கை நிறைந்ததும் அது தானாக எழுந்து, தோளுக்கு மேலாகப் பின்னே சென்று, கூடையிற் கொட்டிவிட்டுத் திரும்பிற்று. அவர் ஒரு முறையேனும் திரும்பிப் பார்த்தாரில்லை.

“அம்மா, எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?” என்று கேட்டேன். பண்டிதர்களுக்கு இயல்பான அசட்டுக் கேள்விதான். அவர் குனிந்து தம் கைகளைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கைகள் நின்றுவிட்டன. ஒரு கொழுந்தைத் தொட்டார்; விட்டார். அடுத்ததைத் தொட்டார்; அதிலும் ஐயம். பிறகு சிரித்துவிட்டு, “அத நான் எங்கங்க ஐயா பாக்குறேன்? கைதான் எடுக்குது. நீங்க கேட்டதும் கைக்கே மறந்துபோச்சு” என்றார். மேல்நிரையிலிருந்து கங்காணியின் குரல் எழுந்தது. நான் நடையைக் கட்டினேன்.

இவ்வாரம் இப்பகுதியில் வேறொன்றை எழுதுவதாக இருந்தேன். அந்தக் கைகள் நின்ற காட்சி மனத்தை விட்டு அகலாமையால் இதனை எழுத நேர்ந்தது. அது கொழுந்து மலைக்கு மட்டும் உரிய செய்தி அன்று; வகுப்பறைக்கும் கவிஞனுக்கும் உரியது என்பதை வாசக அன்பர்கள் போகப்போகக் காண்பர்.

கொழுந்தெடுக்கப் புதிதாக வந்த இளம்பெண்ணைக் கவனித்தவர்கள், இதே வேலை முற்றிலும் வேறொன்றாக இருப்பதைக் கண்டிருப்பர். அவள் ஒவ்வொரு தளிரையும் உற்றுப் பார்க்கிறாள். பெருவிரலும் சுட்டுவிரலும் எங்கே பற்றவேண்டும், எவ்வளவு அழுத்தவேண்டும் என்று எண்ணுகிறாள். நகத்தாற் கிள்ளினால் தண்டு நசுங்கும். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாலோ, கூடையில் அழுத்தித் திணித்தாலோ, இலை சூடேறிச் சிவந்து, தொழிற்சாலைக்குப் போகுமுன்னரே கெட்டுவிடும். மட்டத்துக்கு மேல் எழுந்த தளிரை எடுக்கவேண்டும். செடியைக் காக்கும் தாயிலையை விடவேண்டும். மொட்டு உறங்கிப்போன தளிரை வேறாகக் காணவேண்டும். இத்தனையையும் எண்ணி முடிப்பதற்குள் பக்கத்து நிரைக்காரி பத்துச் செடி தாண்டிப் போய்விடுகிறாள். சில மாதங்கள் கழித்து அவளையே பாருங்கள். எண்ணியவை யாவும் விரலுக்குள் இறங்கியிருக்கும். எப்பொழுது இறங்கின என்று அவளுக்கே தெரியாது.

1897ஆம் ஆண்டிலும் 1899ஆம் ஆண்டிலும் பிரையன், ஹார்ட்டர் என்னும் இரு அமெரிக்கர் தந்தித் தொழில் பயில்வோரை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் உளநூலாரிடையே பெயர்பெற்றவை. ஹார்ட்டர் தாமே தந்தித் தொழில் செய்தவர். புதிதாகப் பயில்பவன் கட்டுக் கட்டு என்னும் ஒலியில் முதலில் எழுத்தைத் தேடுகிறான். சிறிது காலத்தில் எழுத்து தானே விளங்கிவிட, சொல்லைக் கேட்கிறான். பின்னர்ச் சொல்லும் தானே விளங்கிவிட, தொடரைக் கேட்கிறான். இடையிடையே பல வாரங்கள் முன்னேற்றமே இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் அக்காலம் வீண்போனதன்று. கீழ்ப்படியிலுள்ள பழக்கம் கருத்தின் உதவியின்றி நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அது தன்காலில் நிற்கத் தொடங்கியவுடன் கருத்து அடுத்த படிக்கு ஏறுகிறது. பழக்கங்கள் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன என்பதே அவர்கள் கண்டது.

நம் வகுப்புகளில் இதனை நாள்தோறும் காணலாம். ஆறாந்தரத்துக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, வாக்கியத்தின் இறுதிச் சொல்லை அடையும்பொழுது முதற்சொல்லை மறந்திருக்கிறான். அவனை, “பொருளைச் சொல், பொருளைச் சொல்” என்று அதட்டி என்ன பயன்? அவனுடைய கருத்து முழுவதையும் எழுத்தே விழுங்கிவிட்டது. பொருளுக்கென்று மிச்சம் ஒன்றுமில்லை. அவனுக்கு வேண்டியது உரத்த வாசிப்பு, நாளும் வாசிப்பு. எழுத்து கண்ணுக்குத் தானாகப் புலப்படும்வரை வாசிப்பு. இதைச் சொன்னால், ‘பண்டிதர் பழைய கிளிப்பிள்ளைப் பாடத்துக்கு வக்காலத்து வாங்குகிறார்’ என்று புதுமுறை ஆசிரிய நண்பர்கள் முகம் சுளிப்பர்.

கிளியைப் பற்றியே ஒரு சொல். நன்னூலில் பவணந்தியார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூன்றாக வகுத்து ஒவ்வொருவர்க்கும் உவமை சொல்கிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கர். ஓட்டைக் குடமும், ஆடும், எருமையும், பன்னாடையும் கடைமாணாக்கர். கிளியை அவர் எங்கே வைத்தார்? மண்ணோடு சேர்த்து இடையிலே வைத்தார். கற்பித்ததை அப்படியே திரும்பச் சொல்பவன் கடையன் அல்லன் என்பது அவர் துணிபு. தலையாயவனும் அல்லன் என்பதும் அவர் துணிபே. நூல் பயிலும் முறையைக் கூறும் சூத்திரத்திலும், பாடத்தை மனத்திற் போற்றுவதைச் சொன்னதோடு நில்லாமல், கேட்டதைச் சிந்திப்பதையும், வினாவுவதையும், பிறர் வினாவியதற்கு விடை சொல்வதையும் உடன் வைத்தார். கிளி மரத்தில் ஏறத் தெரியாதவர்கள் அன்னத்தின் நடையைப் பழக முயல்வதே இன்றைய கல்வியின் அவசரம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மாறாக, கிளியிலேயே நின்றுவிடுவது நம் பழைய கல்வியின் சோம்பல்.

பண்டிதப் பரீட்சைக்குப் படித்த நாள்களில் எங்களுக்கு யாப்பு கற்பித்த ஆசிரியர், வெண்பாவின் தளையை விரல்விட்டு எண்ணுபவனைப் பாட அனுமதிக்கமாட்டார். “எண்ணுகிறவரை நீ கணக்கப்பிள்ளை” என்பார். தளை காதுக்குத் தானாகக் கேட்கவேண்டும். பிழைத்தால் கல்லிற் கால் இடறியதுபோல இடறவேண்டும். அதன் பின்னர்தான் பாடுபவனுக்குப் பொருளைப் பற்றி நினைக்க இடம் உண்டு. இந்தப் பயிற்சியின் உச்சத்தை நம்மவர் அவதானம் என்றனர். அச்சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். எட்டுக் காரியங்களில் ஒருங்கே கவனம் வைப்பது அட்டாவதானம். பத்தில் வைப்பது தசாவதானம். நூறில் வைப்பது சதாவதானம். யாழ்ப்பாணத்துப் புலோலியில் தோன்றித் தமிழகத்தில் வாழ்ந்த நா. கதிரைவேற்பிள்ளை, திரு.வி.க.வுக்கு ஆசிரியராய் இருந்தவர், சதாவதானி எனப் போற்றப்பட்டார். நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். அவதானியின் முதுகில் ஒருவர் சிறு கற்களை எறிந்துகொண்டிருப்பார். எத்தனை என்று பிறகு சொல்லவேண்டும். ஒருவர் மணி அடிப்பார், அதற்கும் கணக்கு. எதிரே சதுரங்கம். நடுவே ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். வேறொருவர் இலக்கணத்தில் ஐயம் எழுப்புவார்.

மனிதனுக்கு ஒரே நேரத்தில் நூறு கருத்து இருக்க முடியுமா? இராது என்றே நினைக்கிறேன். கல்லை எண்ணுவதும், மணியை எண்ணுவதும், யாப்பின் ஓட்டமும் நெடுங்காலப் பயிற்சியால் கருத்தின் தோளிலிருந்து இறங்கிவிட்டன. ஆகவே இறுதியாக எஞ்சிய ஒரே கருத்தை, அந்தக் கணத்துக்கு எது வேண்டுமோ அதன்மேல் முழுவதும் வைக்க முடிந்தது. மலையில் நின்ற அந்தத் தாயார், கை கொழுந்தெடுக்க, என் முகத்தைப் பார்த்து மகளின் படிப்பை விசாரித்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த திறன் என்று சொன்னால் பாவலரின் பெருமை குறைந்துவிடாது. தோளில் கிடந்த கூடை, கல்லெறிவதைவிடப் பாரமானது.

அந்தக் கைகள் ஏன் நின்றன என்பதற்கும் விடை உண்டு. சியான் பைலாக் என்னும் உளநூல் அறிஞரும் அவர்தம் தோழர்களும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காற்பந்தாட்டத்தில் தேர்ந்தவர்களை நட்ட கூம்புகளின் இடையே பந்தை உருட்டிச் செல்லுமாறு செய்து, பாதத்தின் எப்பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனித்துக்கொண்டே செல்லச் சொன்னபோது அவர்கள் வேகம் குன்றினர். வேறெதையோ காதாற் கேட்டுக்கொண்டு செல்லச் சொன்னபோது நன்றாகவே சென்றனர். புதிதாகப் பழகுவோர்க்கோ இது நேர்மாறாக இருந்தது. அவர்கள் காலைக் கவனித்தபோது நன்றாகச் செய்தனர். கற்கும்போது கையைப் பார்க்கவேண்டும். கற்றபின் கையைப் பார்த்தால் கை தடுமாறும். மேடையேறிய மாணவன், நேற்றுவரை தடையின்றிச் சொன்ன பாடலை, ‘அடுத்த சொல் என்ன’ என்று தன்னையே கேட்டுக்கொண்ட கணத்தில் மறந்து நிற்பதும் இதனாலேதான். அவனை அடுத்த சொல்லை எண்ணாதே, பாட்டின் பொருளை எண்ணு என்று சொல்லி அனுப்பும் வழக்கம் எனக்குண்டு. பெரும்பாலும் பலிக்கிறது.

இவ்வளவையும் கேட்டவர், ‘அப்படியானால் அந்தப் பெண்ணின் கை ஓர் இயந்திரந்தானே’ என்று முடிவு கட்டிவிடலாம். பலர் அவ்வாறே முடிவு கட்டியிருக்கின்றனர். பயிற்சி வேண்டாத கூலிவேலை என்று கணக்கேடுகளிலும் எழுதிவைத்தனர். நான் மறுக்க விரும்புவது இதனையே. 1920களில் மொஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்பவர் உளியின்மேல் சுத்தியல் அடிக்கும் தேர்ந்த தொழிலாளரின் அசைவுகளைத் தொடர்ந்து படமெடுத்து அளந்தார். ஒவ்வோர் அடியும் குறி தவறாமல் விழுந்தது. எனினும் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சென்ற வழி எந்த இரண்டு அடியிலும் ஒன்றாக இல்லை. ஒரு மூட்டில் நேர்ந்த சிறு பிழையை அடுத்த மூட்டு அந்தக் கணத்திலேயே சரிசெய்துகொண்டிருந்தது. இயந்திரமாயின் ஒரே வழியில் நூறுமுறை சென்று, குறி சற்று விலகினால் நூறுமுறையும் பிழைத்திருக்கும். தேர்ந்த பழக்கம் என்பது ஒரே செயலைத் திரும்பச் செய்வதன்று. ஒரே பயனை வெவ்வேறு வழியில் திரும்ப அடைவது.

தேயிலைச் செடி உளியைப் போல ஓரிடத்திலும் நிற்பதன்று. எந்த இரண்டு செடியும் ஒரே உயரமில்லை. எந்த இரண்டு தளிரும் ஒரே வயதில்லை. காலடியில் சரிவு, மழை நாளில் வழுக்கல், வாடைக்காலத்தில் விறைத்த விரல். திம்புலைப் பகுதியின் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவது ஜனவரி முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த, வறண்ட பருவம் என்பர். அந்தப் பெயரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோவது தோட்டத்தின் முத்திரை; அதனைச் செடியிலிருந்து தேர்ந்து எடுப்பது இந்த விரல். கத்தரி போன்ற வெட்டுக் கருவியும் இயந்திரமும் இப்பொழுது மலைகளுக்கு வந்துள்ளன. தோள்வலியைக் குறைக்கும் எதனையும் நான் பழிக்கமாட்டேன்; கூடை சுமக்காத என்னைப்போன்றோர் கூடையின் பெருமை பேசுவது அழகன்று. ஆனால் அக்கருவிகள் மட்டத்துக்கு மேலிருப்பவற்றை எல்லாம் ஒன்றாக வெட்டுகின்றன. தளிரையும் தண்டையும் வேறு பிரிப்பது விரல் கற்ற கல்வி. அதனைக் கல்வி என்று ஒருவரும் அழைக்காததால், அதற்குரிய ஊதியத்தையும் ஒருவரும் கேட்பதில்லை.

மலையிற் பேசும்போது இன்னொன்றும் அறிந்தேன். கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள, விடுபட்ட கண்ணும் காதும் சும்மா இருப்பதில்லை. செடியின் அடியில் குளவிக்கூடு உண்டா, அட்டை ஏறுகிறதா, கான் எங்கே திறந்திருக்கிறது, புதருக்குள் அசைவது என்ன என்று அவை முன்னே சென்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. தோட்டங்களில் குளவி கொட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் செய்தியும், சிலவேளை உயிரிழந்தவர்களின் செய்தியும் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கின்றன. முழுப்பேர் விழுவதற்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு வைத்து, அந்த அளவை உயர்த்திக்கொண்டே போனால் என்ன நேரும்? கை மேலும் விரைகிறது. அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு மேல், முன்னே சென்று காவல் புரிந்த கண்ணையும் திருப்பி அழைத்துக் கையோடு சேர்த்துக்கொள்ள நேர்கிறது. நிறுவைத் தராசில் ஏறிய மிகுதிக் கொழுந்தை எல்லோரும் காண்பர். காவலை விட்டுவந்த கண்ணை எவரும் நிறுப்பதில்லை. அளவு நிர்ணயிப்போர் இதனையும் கணக்கிற் சேர்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பழக்கத்தின் புகழையே பாடிவிட்டேன்; அதன் குற்றத்தையும் சொல்லவேண்டும். அதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. என் சிவப்புப் பேனாவே போதும்.

சென்ற தவணைப் பரீட்சையில் ‘விடியற்காலை’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். வழக்கம்போல் கீழ்வானம் சிவந்தது, சேவல் கூவிற்று, எங்கள் மலையில் ஒருவரும் கண்டிராத தாமரைகள் ஏராளமாக மலர்ந்தன. இரவு பத்து மணிவரை திருத்தினேன். பேனா தானாக ஓடிற்று: ஒற்று மிகுந்தால் ஒரு வெட்டு, லகர ளகரம் மாறினால் ஒரு வட்டம். மறுநாள் விடைத்தாளைக் கொடுத்தபின், முன் சொன்ன தாயாரின் மகள் தாளோடு வந்து நின்றாள்.

“ஐயா, பெரட்டு எண்டு எழுதினதுக்கு வட்டம் போட்டிருக்கீங்க. சரியான சொல் என்னங்க ஐயா?”

வாங்கிப் பார்த்தேன். விடியுமுன் அடுப்பு மூட்டி, தம்பிக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, பெரட்டுக்களத்துக்கு அம்மா ஓடுவதை அவள் எழுதியிருந்தாள். மூன்று இடத்தில் அச்சொல் வந்திருந்தது. மூன்று இடத்திலும் என் பேனா வட்டம் போட்டிருந்தது. ஓரத்தில் ‘கொச்சை’ என்ற என் கையெழுத்து. அதை எழுதியது எனக்கு நினைவில்லை. பெரட்டு என்பது ஆங்கிலத்துப் ‘பரேட்’ திரிந்து வந்தது என்பர். காலையில் வேலையாட்களைத் திரட்டி, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்தனுப்பும் அந்தக் களத்துக்கு நிகண்டில் ஏது சொல்? அரைநிமிடம் தேடினேன், கிடைக்கவில்லை. முப்பதாண்டுப் பழக்கம் அந்த வட்டத்தை இட்டது. முப்பதாண்டாக அந்தப் பழக்கத்தை நான் நின்று பார்த்ததில்லை. அந்தத் தாயார் தம் கைகளைப் பார்த்தபோது நேர்ந்தது ஒரு நிமிடத் தடுமாற்றம். நான் என் கையைப் பாராததால் எத்தனை பிள்ளைகளின் விடியற்காலைகளை வட்டமிட்டேனோ!

பெர்லின் இசைக்கல்லூரியின் வயலின் மாணவரை ஆராய்ந்து 1993இல் அன்டர்ஸ் எரிக்சனும் பிறரும் எழுதிய கட்டுரை ஒன்றுண்டு. அதில் சிறந்த மாணவர்களை வேறுபடுத்தியது, தம்மிடமுள்ள குறையை நோக்கித் தனித்திருந்து, முழுக்கருத்தோடு செய்த சாதகம். அது களைப்பூட்டுவது, ஆகவே நாளெல்லாம் செய்ய இயலாது. நம் சங்கீத வித்துவான்களும், கச்சேரிகள் நூறு செய்தபின்னரும், விடியற்காலையில் முதற்பாடமாகிய சரளி வரிசையை விளம்பத்தில் பாடுவர். கச்சேரி மேடையில் விரலையோ குரலையோ வேவு பார்ப்பது ஆகாது. வீட்டில், மெதுவாக, பழக்கத்தைப் பிரித்துப் பார்த்துத் தூசு தட்டி மறுபடியும் பூட்டிவைப்பதற்கு ஒரு நேரம் வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கு அப்படி ஒரு வேளை பாடசாலை நேரசூசியில் இல்லை. நாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டியதாயிருக்கிறது. ஆசிரியப் பயிற்சிக் கருத்தரங்குகளில் புதிய முறைகளைக் கேட்பதோடு, இருவர் இருவராகத் தத்தம் திருத்திய விடைத்தாள்களை மாற்றிப் பார்க்கும் வழக்கத்தை எங்கள் பகுதி இலக்கிய வட்டத்தில் இந்தத் தவணை தொடங்கியிருக்கிறோம். முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. என் தாளைப் பார்த்த இளம் ஆசிரியை, “ஐயா, ‘லயம்’ என்பதற்கும் வட்டம் போட்டிருக்கிறீர்களே” என்றார்.

வட்டத்தை அழித்துப் புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன். பெரட்டு என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் வரலாற்றை எட்டாந்தரத்துக்கு ஒரு பாடமாகவும் நடத்தினேன். எனினும் நேற்றிரவு வேறொரு கட்டுரையில் அச்சொல் வந்தபொழுது, என் பேனா பாதி வளைந்துவிட்டது. அவ்விடத்தில் ஒரு பிறைக் கோடு இப்போதும் இருக்கிறது. அந்தப் பையன் என்னவென்று கேட்டால் சொல்லிவிடுவேன்.